மறுமொழி: 'ப்ரெடிக்டிவ் மார்க்கர்' தமிழில் என்ன?

அன்பர்களுக்கு,

'ப்ரெடிக்டிவ் மார்க்கர்' என்பதற்கு 'முன்கணிப்புக் குறிப்பான்' போதும் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அது ப்ராக்னாஸ்டிக் மார்க்கருக்கு ஏற்கெனவே புழங்குகிற சொல். நோய் எப்படிப் போகும் என்பது ஒரு கேள்வி; அதைச் சோதனையில் காட்டுகிற அடையாளம்தான் ப்ராக்னாஸ்டிக் மார்க்கர். கொடுக்கிற மருந்தால் பலன் உண்டா என்பது வேறு கேள்வி; அதைச் சொல்வது ப்ரெடிக்டிவ் மார்க்கர். மார்பகப் புற்றுநோயில் இரண்டுக்கும் விடை எதிரெதிராகக்கூட வரும். ட்ரிப்பிள் நெகட்டிவ் கட்டிகள் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் இரண்டு ஏற்பிகளும் இல்லாத, ஹெர்2 என்ற புரதமும் மிகுதியாக இல்லாத வகை) பல கீமோவில் நன்றாகவே சுருங்கும். ஆனாலும் முதல் சில வருடங்களில் நோய் திரும்புகிற ஆபத்து அந்த வகையில்தான் அதிகம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

ராயபுரத்தில் நோயாளிகளுக்கு லேப் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்கிற வேலை எனக்கு. காசிமேட்டு அக்கா ஒருவர் தாளை நீட்டிக் கேட்டார்: "இது கீமோவுக்குக் கேக்குமா தம்பி?" காய்ச்சல் மாத்திரைக்குக் கேட்டது, இருமல் கஷாயத்துக்குக் கேட்கவில்லை என்றுதானே பேசுகிறோம்! அதனால் 'மருந்துக்கேட்புக் குறிப்பான்', சுருக்கமாகக் 'கேட்புக் குறிப்பான்' என்கிறேன். ப்ராக்னாஸ்டிக் மார்க்கருக்கு 'நோய்ப்போக்குக் குறிப்பான்'. ('போக்குகாட்டி' வேண்டாமய்யா. போக்குக் காட்டுகிறவனை எங்கள் பக்கம் யாரும் நம்பமாட்டார்கள்.)

சிலது இரண்டு வேலையும் பார்க்கும். ஹெர்2 மிகுந்த கட்டி வேகமாகப் பரவும் வகை. அதே ஹெர்2தான், அதைக் குறிவைக்கிற ட்ராஸ்டுசுமாப் மருந்துக்குக் கட்டி கேட்கும் என்றும் சொல்கிறது. கட்டியின் 21 மரபணுக்களை அளந்து, நோய் திரும்புகிற ஆபத்துக்கு மதிப்பெண் தருகிற 21 மரபணுச் சோதனையும் அப்படித்தான். ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 இல்லாத, நிணநீர்க் கணுவுக்குப் பரவாத கட்டியில் மதிப்பெண் 25க்குள் இருந்தால், 50 வயது தாண்டியவர்களுக்குக் கீமோவால் கூடுதல் பலன் இல்லை என்று 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு காட்டியது.

அப்புறம், இந்த மாதிரிக் குறிப்பான்களுக்கு 'மரபுக்குறி' என்று பெயர் வைக்காதீர்கள். 'மரபு' என்றதுமே "எம் பொண்ணுக்கும் வருமா?" என்று வீடே பதறுகிறது. 21 மரபணுச் சோதனை பார்ப்பது, லேபில் மெழுகில் பதித்து வைத்திருக்கிற கட்டித் திசுவில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை. அது பிள்ளைக்குப் போகாது. பரம்பரையாக வருகிற, மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிற பிஆர்சிஏ மரபணு மாற்றம் வேறு. அது பிள்ளைக்குப் போக 50 சதவீதம் வாய்ப்பு உண்டு. 'கட்டி மரபணு', 'பரம்பரை மரபணு' என்று பிரித்தே எழுதுவோம்.

'கேட்பு' காப்பீட்டுக் க்ளெய்முக்கும் புழங்குகிறதே என்பீர்கள். சரி, வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். 'துலங்கல்' (ரெஸ்பான்ஸ்) மட்டும் வேண்டாம். பாடநூலுக்குச் சரி, இங்கே வார்டில் ஒருவருக்கும் புரியாது.