முதுகில் ஒரு பெயருடன் ஓட்டும்போது நம்மை நிறுத்துகிறவர்கள்

அண்ணன் இரத்தப் புற்றுநோயில் இறந்த பிறகு, அவர் பெயரைச் சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டு நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டி நிதி திரட்டி வருகிறேன். பணம் முழுவதும் குருத்தணுக் கொடையாளர் பதிவகம் ஒன்றுக்குப் போகிறது. இரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களைத்தான் (ஸ்டெம் செல்) குருத்தணு என்கிறோம். அதைக் கொடுக்க முன்வருகிறவர்களின் பட்டியலை வைத்திருக்கும் அமைப்பு அந்தப் பதிவகம். மருத்துவமனைக்கே கொடுத்துவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்கு நோயாளியின் திசு வகை கொடையாளரின் திசு வகையோடு ஒத்துப்போக வேண்டும். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அவருக்கு நான் ஒரே தங்கை. எனக்குப் பொருந்தவில்லை. இன்று உலகெங்கும் 4 கோடிக்கும் அதிகமானோர் கொடையாளராகப் பதிந்திருக்கிறார்கள் என்றாலும், எங்களுக்குத் தேவைப்பட்ட வேளையில் பொருத்தமான ஒருவரும் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியல் இன்னும் நீள வேண்டும் என்பதற்காகத்தான் ஓட்டுகிறேன்.

இதுபோன்ற பயணங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தூரத்தையும் ஏற்றத்தையும் முழங்கால் வலியையும் விரிவாக எழுதிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது வழியில் நம்மை நிறுத்திப் பேசுகிறவர்களைப் பற்றி. அவர்களுக்கென்று நேரம் ஒதுக்கித்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒருமுறை பின் டயரில் முள் ஏறிவிட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளைத் தேடிக்கொண்டிருந்தேன். முள்ளை எடுக்காமல் புது டியூபை மாட்டினால் பத்து நிமிடத்தில் அதுவும் போய்விடும். பெரியவர் ஒருவர் வந்து, ஒன்றும் கேட்காமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, "முதுகில் யார் பெயர் அம்மா?" என்றார். சொன்னேன். "என்ன வயது?" என்றார். அதையும் சொன்னேன். "என் மகளுக்கும் அந்த வயதுதான்" என்றார்.

அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. அவள் என்ன நோயால் போனாள் என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆனால் அவள் படியேறும்போது கடைசிப் படியை மட்டும் தாண்டிக் குதிப்பாள் என்பதையும், கதவைச் சாத்தும் சத்தத்தை வைத்தே கோபமாக வந்திருக்கிறாளா என்று சொல்லிவிடலாம் என்பதையும் நிதானமாகச் சொன்னார். வீட்டில் அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லையாம். பேசினால் மனைவி அழுவார் என்று இவர் பேசுவதில்லை. இவர் உடைந்துவிடுவார் என்று மனைவி பேசுவதில்லை. டியூபை மாட்டி முடித்துவிட்டேன். அவர் பேச்சு முடியட்டும் என்று காற்றடிப்பதை மெதுவாக்கினேன். போகும்போது அவர் நன்றி எதுவும் சொல்லவில்லை. சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, நேராக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

இப்படிப் பலர். காவலர் ஒருவர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், வண்டியை வேகம் குறைத்துக் கண்ணாடியை இறக்கி "யார் அது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள். பெயருக்குக் கீழே "என் அண்ணன்" என்று இரண்டு சொற்களைச் சேர்த்த பிறகு கேட்கிறவர்கள் கூடினார்கள். உறவு தெரிந்தால் பேச்சைத் தொடங்குவது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது போலும். உங்கள் சட்டையிலும் உறவைப் போடுங்கள்.

என்னால் என்றும் மறக்க முடியாதவர் ஒரு இளைஞர். ஏற்றம் ஒன்றில் நான் திணறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து, என் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே ஓட்டினார். பதிவகத்தின் சின்னத்தைப் பார்த்துவிட்டு, "நான் குருத்தணு கொடுத்திருக்கிறேன் அக்கா" என்றார். மேட்டின் உச்சியில் இருவரும் இறங்கி நின்றோம். கொடைக்கு முன் சில நாள் ஊசி போட்டார்களாம், எலும்பெல்லாம் வலித்ததாம். பிறகு ஒரு கையிலிருந்து இரத்தம் எந்திரத்துக்குப் போய், குருத்தணுக்களைப் பிரித்தெடுத்த பின் மறுகை வழியாக உடம்புக்குத் திரும்பியிருக்கிறது. சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. யாருக்குப் போனது என்று அவருக்குத் தெரியாது. கொடையாளரும் நோயாளியும் ஒருவரையொருவர் அறியாதபடி வைப்பதுதான் வழக்கம்.

"ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றார். "நான் கொடுத்தும் அவர் பிழைக்காமல் போயிருந்தால், அந்த வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

கொடையாளர் கிடைக்காத வீட்டைச் சேர்ந்தவள் நான். அதனால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் அண்ணி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வருவார். ஒரே ஒருமுறை, "கிடைத்துவிட்டார்" என்ற சொல்லை அவர் கேட்டிருந்தால்! அதற்குப் பிறகு என்ன நடந்திருந்தாலும், முகம் தெரியாத அந்த மனிதரை எங்கள் வீடு வாழ்நாள் முழுக்க வாழ்த்திக்கொண்டுதான் இருந்திருக்கும். இதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் தலைக்கவசத்தின் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக வெகுநேரம் நின்றிருந்தார். அன்று நான் சேர வேண்டிய இடத்துக்கு இருட்டிய பிறகுதான் சேர்ந்தேன்.

ஆகவே கணக்கு இதுதான். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். அரைமணி நேரம் வீதம் நான்கு சந்திப்புகள் நடந்தால் இரண்டு மணி நேரம், அதாவது 40 கிலோமீட்டர் கழிந்துவிடும். உங்களால் ஒரு நாளில் 140 கிலோமீட்டர் ஓட்ட முடியும் என்றால் 100க்கு மேல் போடாதீர்கள். உடம்புக்கும் நல்லது. மணிக்கணக்கில் கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் உள்ளங்கையில் அல்னார் நரம்பு நசுங்கி, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். அடிக்கடி இறங்குகிறவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று. தன் இழப்பைச் சொல்லி அழுதுகொண்டிருப்பவரிடம் நிதி கேட்காதீர்கள். அவராகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். நாமாகக் கேட்கவே கூடாது.

உங்களை நிறுத்தியவர்கள் யார் யார்? எழுதுங்கள்.

நண்பனின் நினைவாக ஓட்டும் உறுப்பினர் ஒருவர் எழுதியது:

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒன்றை மட்டும் மறுத்துச் சொல்ல வேண்டும். யார் அழைத்தாலும் நின்ற இடத்திலேயே இறங்கிவிடக் கூடாது. என் நண்பன் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது கனரக வாகனம் மோதி இறந்தவன். அவனுக்காக நாங்கள் திரட்டும் நிதியில், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு முன்விளக்கும் பின்விளக்கும் வாங்கிக் கொடுக்கிறோம். வளைவிலும் பாலத்திலும் சாலை விளிம்பிலும் நின்று பேசுவது எங்கள் குழுவில் கிடையாது. கையால் முன்னே சைகை காட்டி, அகலமான இடம் வந்த பிறகுதான் நிற்போம்.

அப்படி ஒரு பெட்ரோல் பங்கில் நின்றிருந்தபோது லாரி ஓட்டுநர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வரவில்லை. நான்தான் போனேன். "சைக்கிளில் போனவர்தானா உங்கள் நண்பர்?" என்று கேட்டார். ஆம் என்றேன். பல ஆண்டுகளுக்கு முன் தன் வண்டியில் அடிபட்டு சைக்கிள்காரர் ஒருவர் இறந்துவிட்டதாகச் சொன்னார். விசாரணையில் தன்மேல் குற்றம் இல்லை என்று முடிந்ததாம். "அந்தத் தாளை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன் ஐயா. அதை எடுத்துப் பார்த்தாலும் தூக்கம் வருவதில்லை" என்றார்.

எனக்கு முதலில் உடம்பு நடுங்கியது. நண்பனை இடித்தவரைப் பற்றி நான் அத்தனை நாளாக என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். எதிரில் நின்றவரோ கண்ணை நிமிர்த்த முடியாமல் நின்றார். அவரே, "ஏறி வாருங்கள், ஒன்று காட்டுகிறேன்" என்று என்னைத் தன் இருக்கையில் உட்கார வைத்தார். எங்கள் குழுப் பெண் ஒருவரைச் சைக்கிளோடு லாரியின் பக்கவாட்டில் மெல்ல முன்னே நடந்து வரச் சொன்னார். கண்ணாடியில் முதலில் முழுதாகத் தெரிந்தார். முன்சக்கரத்தை நெருங்கியதும் அவரும் சைக்கிளும் மறைந்தே போனார்கள். எட்டிப் பார்த்தேன், எழுந்து பார்த்தேன், தெரியவில்லை. வண்டிக்கு நேர் முன்னே வந்து நின்றபோதும் தலைக்கவசத்தின் உச்சி மட்டும்தான் தெரிந்தது.

"என் முகம் உங்களுக்குக் கண்ணாடியில் தெரியவில்லை என்றால், நீங்கள் எனக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைந்து திரும்பவிருக்கும் லாரியின் பக்கவாட்டில் புகவே புகாதீர்கள்" என்றார். இதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் உறைத்தது. புறப்படும்போது அந்த இறந்தவரின் பெயரைச் சொல்லி, அதையும் எங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எழுதிக்கொண்டோம்.

ஆண்டுதோறும் மே மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை, பல நாடுகளில் நடக்கும் மௌன சைக்கிள் பயணத்தில் நாங்களும் சேர்ந்துகொள்கிறோம். 2003இல் டல்லாஸ் நகரில் லாரி ஷ்வார்ட்ஸ் என்ற சைக்கிள் வீரர், கடந்துபோன பேருந்தின் கண்ணாடி தாக்கி இறந்ததை அடுத்து, அவர் நண்பர் கிறிஸ் ஃபெலன் தொடங்கியது அது. மணிக்கு 20 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகத்தில், யாரும் ஒரு சொல்லும் பேசாமல் ஓட்ட வேண்டும். சாலையில் உயிரிழந்தவருக்காக ஓட்டுகிறவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டுவார்கள். தானே அடிபட்டுத் தப்பியவர்கள் சிவப்புப் பட்டை. நெடும்பயணத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் முதலில் இதில் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். கூட்டமாக ஓட்டும் ஒழுங்கு இதில் தானாக வந்துவிடும்.

துணை வண்டி ஓட்டும் உறுப்பினர் ஒருவர் எழுதியது:

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அப்பா இறந்த பிறகு அம்மா ஓட்டுகிறார். நான் வேனில் பின்தொடர்கிறேன். அம்மாவிடம் பேச முடியாதவர்கள் என்னிடம் வந்து பேசுகிறார்கள். அதனால் எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு அம்மாள் வேனின் ஜன்னலைத் தட்டி, மடித்து மடித்துச் சிறிதாக்கிய பணத்தாள்களை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பெயர் கேட்டேன். தன் பெயரைச் சொல்லவில்லை. கணவர் பெயரைச் சொல்லி, "அவர் கொடுத்ததாக எழுது" என்றார். ரசீதுப் புத்தகத்தில் அப்படியே எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். கணவர் பெயரை அச்சடித்த தாளில் பார்த்ததும் அதை இரண்டு கையாலும் வாங்கினார். ரசீது தருவது கணக்குக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கணக்கு விஷயத்தில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். எரிபொருள், தங்குமிடம், சைக்கிள் பழுது எல்லாம் எங்கள் கைக்காசு. நன்கொடையில் ஒரு காசுகூட வழிச்செலவுக்குப் போகாது. வேறு விதமாகச் செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கொடுக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பில்லி ஸ்டார் என்பவர், 1974இல் தோல் புற்றுநோயில் தாயை இழந்தவர், 1980இல் 36 பேரைக் கொண்டு ஒரு நிதிப் பயணம் தொடங்கினார். முதல் ஆண்டு திரண்டது 10,200 டாலர். ஆண்டு தவறாமல் நடந்து, மொத்தம் இப்போது நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஓட்டுகிறவர்கள் திரட்டும் பணம் முழுவதையும் டானா ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குக் கொடுத்துவிட்டு, நடத்தும் செலவை வேறு வழியில் பார்த்துக்கொள்கிறார்கள். அத்தனை ஆண்டுகள் மக்கள் நம்பிக் கொடுத்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரு கேள்வி. எங்களிடமும் வழியில் பலர் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதித் தருகிறார்கள். அவற்றை நன்றி அறிவிப்பில் வெளியிடலாமா?

முதலில் எழுதியவர்:

வெளியிடாதீர்கள். எழுதித் தந்தவர் உங்களை நம்பித் தந்தார். வீட்டில் மற்றவர்கள் சம்மதிப்பார்களா என்பது நமக்குத் தெரியாது. வெளியிடலாம் என்று அவரே சொன்னால், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை அம்மாவிடமே இருக்கட்டும். ரசீதில் இறந்தவரின் பெயரை எழுதுவது எனக்குத் தோன்றாத யோசனை. அடுத்த பயணத்திலிருந்து நானும் செய்யப்போகிறேன்.

நண்பருக்காக ஓட்டும் அண்ணா சொல்வது சரி. நிற்கும் இடத்தைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டியதை அவர் எழுதிவிட்டார். லாரி இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பதை எங்கள் குழுவில் எல்லோரும் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் உள்ள லாரி நிறுத்துமிடம் ஒன்றில் கேட்டோம், ஓட்டுநர்கள் சம்மதித்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, புதிதாகச் சேர்ந்தவர்களையும் அழைத்துக்கொண்டு போகிறோம்.