நாவலைப் படித்தவன் படத்துக்குப் போகலாமா?

ஈசூன்வாசி: எப்போதாவது படம் பார்க்கிற ஆள் நான். சனி இரவு டிக்கெட், பாப்கார்ன் வாங்கியதிலேயே பர்ஸ் காலி. திரையில் 'இடைவேளை' என்று வந்ததும் எழுந்தேன். படம் நிற்காமல் அது பாட்டுக்கு ஓடுகிறது! நாலு பேர் காலை மிதித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். சரி, வீட்டில் தொடர் பார்க்கலாமென்றால் நாவலை ஜவ்வாக இழுக்கிறார்கள், எனக்குப் பிடித்த பாத்திரத்தை மட்டும் காணோம். நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தேக்கா_தம்பி: அண்ணே, வாரநாளில் போங்கள், டிக்கெட் மலிவு. இடைவேளையை நம்பாதீர்கள், முன்னாடியே டாய்லெட் போய்விடுங்கள்.

பழைய_வாசகி: தொடராவது பரவாயில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். 2022, 2023இல் இரண்டே படத்தில் அடக்கினார்கள். நாவலில் வரும் மணிமேகலை பாத்திரத்தையே காணோம். நாவலில் முடிசூடுகிற சேந்தன் அமுதன் படத்தில் சும்மா வந்துபோகிறார். எனக்கு ஆறவே இல்லை.

ஈசூன்வாசி: அக்கா, அந்தப் படத்தில் நானும் மணிமேகலையைத்தான் தேடினேன்! தம்பி, செவ்வாய் இரவு போய்ப் பார்க்கிறேன். பக்கத்து இருக்கைக் கைபேசிக்கு ஏதாவது வழி உண்டா?

தேக்கா_தம்பி: கடைசி வரிசை, அண்ணே. அங்கேயும் நாலைந்து வெளிச்சம் தெரியும், முகத்தில் மட்டும் அடிக்காது.