தசைநாண் கிழிந்த குதிரைக்கு ஸ்டெம் செல்: நீங்கள் பார்த்தது என்ன?

லாயத்துக்காரி, நியூமார்க்கெட் பக்கம்

இங்கிலாந்தில் குதிரை வைத்திருக்கும் தமிழர்கள் நாலு பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். என்னுடையவள் தடைதாண்டும் பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றவள். பந்தயப் பெயர் வேறு, நான் கூப்பிடுவது கறுப்பி.

போன ஆகஸ்டில் ஒரு காலை லாயத்துக்குப் போனால், இடது முன்னங்காலின் பின்பக்கம் வில் போலப் புடைத்திருந்தது. தொட்டால் சுட்டது. அமுக்கினேன், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆனால் நொண்டல் பெரிதாக இல்லை, அதுதான் ஏமாற்றிவிட்டது. முந்தின நாளே கால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வெயில் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

தசையை எலும்போடு கட்டும் நாரான தசைநாண்தான் கிழிந்திருந்தது. ஸ்கேன் திரையில் அது ஒரு வெள்ளை வட்டம். நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. சுற்றுச்சுவர் கெடாமல் நடுவில் மட்டும் பள்ளம் விழுந்திருப்பதால், ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) போட்டால் வழிந்து ஓடாமல் உள்ளேயே நிற்கும் என்றார் டாக்டர். அதை அவளுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே எடுக்க வேண்டும்.

படுக்க வைக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து, நின்றபடியே மார்பெலும்பில் ஊசி இறக்கினார். தலையைப் பிடித்துக்கொண்டது நான்தான். அவள் முழுத் தலையும் என் தோளில் கிடந்தது, கீழுதடு தொளதொளவென்று தொங்கியது. எலும்புக்குள் ஊசி போகும்போது நறநறவென்ற சத்தம் எனக்குத்தான் கூசியது. எடுத்த மஜ்ஜை பார்வைக்கு இரத்தம் மாதிரியேதான் இருந்தது. ஆய்வகத்தில் செல்லை வளர்க்க மூன்று வாரம். அப்புறம் ஸ்கேன் பார்த்துக்கொண்டே அந்தப் பொட்டுக்குள் ஒரு கோடி செல். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு மொத்தம் 48 வாரத்துக்கு அளந்து அளந்து நடக்க வைக்க வேண்டும். முதலில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், கையில் கயிறு பிடித்து. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மாட்டு டாக்டர், யார்க்‌ஷயர்

அக்கா, நாலுகால் பாய்ச்சலில் அந்தத் தசைநாண் 16 சதவீதம் வரை இழுபடும், உள்ளே சூடு 45 டிகிரியைத் தொடும். அறுந்துபோகும் எல்லையை ஒட்டியே தினமும் வேலை செய்கிற உறுப்பு அது. கிழிந்தால் ஆறாமல் இல்லை, ஆனால் தழும்பாக ஆறும். தழும்புக்கு இழுபடத் தெரியாது, அதனால் பக்கத்திலேயே மறுபடி கிழியும். பிரச்சினையே அங்கேதான்.

இந்த முறையை லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரியைச் சேர்ந்த ரோஜர் ஸ்மித்தும் கூட்டாளிகளும் 2003இல் ஒரு போலோ குதிரையில் செய்து எழுதினார்கள். 2012இல் வந்த கணக்கில், ஸ்டெம் செல் போட்ட தடைதாண்டும் குதிரைகளில் 25.7 சதவீதத்துக்குத்தான் காயம் திரும்பியிருந்தது. மற்ற வைத்தியங்களில் அது பாதிக்கு மேல். ஆனால் இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு இல்லை, பழைய கணக்கோடு ஒப்பிட்டார்கள். அதை மறந்துவிட வேண்டாம். போட்ட செல் எல்லாம் தசைநாணாக மாறிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அடையாளம் போட்டுத் தேடியதில் ஒரே நாளில் கால்வாசிதான் மிஞ்சியிருந்தது. இருக்கிற கொஞ்ச நேரத்தில் அழற்சியைத் தணித்து, அங்கிருக்கும் செல்களை வேலை வாங்குகின்றன என்பதுதான் இப்போதைய பேச்சு.

பெயர் வேண்டாம்

நல்ல கதைகளுக்கு நடுவில் என்னுடையதும் கிடக்கட்டும். என் குதிரைக்கு வலது முன்னங்காலில் போட்டோம். மருத்துவமனையில், ‘புதுக்கால் மாதிரி ஆகிவிடும்’ என்றார்கள். காயம் பட்டு நாலு மாதம் தாண்டியிருந்தது, உள்ளே தழும்பு விழுந்த பிறகு போட்டால் அவ்வளவு பிரயோசனம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பதினோராம் மாதம் மெதுவோட்டத்தில் அதே கால், பழைய இடத்துக்குக் கொஞ்சம் மேலே மறுபடி கிழிந்தது. இப்போது வயலில் புல் மேய்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான், பணம் போனதில் எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

வேல்ஸ் நர்ஸ்

நான் குதிரை தொட்டதே இல்லை. ஆனால் எங்கள் வார்டில் ட்ரீம் அலையன்ஸ் என்ற பந்தயக் குதிரையின் கதை தெரியாத ஆள் கிடையாது. வேல்ஸில் கெவ்ன் ஃபாரஸ்ட் ஊரில் தோட்டத் துண்டு நிலத்தில் வளர்ந்த குட்டி, ஊர்க்காரர்கள் வாரம் பத்து பவுண்ட் போட்டு வளர்த்தது. 2008இல் எய்ன்ட்ரீ பந்தயத் திடலில் தசைநாண் போச்சு. ஸ்டெம் செல் போட்டு, 2009 டிசம்பர் 28 அன்று செப்ஸ்டோவில் வெல்ஷ் நேஷனல் என்ற பெரிய தடைதாண்டும் பந்தயத்தையே ஜெயித்தது. நோயாளி ஒருவர் எனக்கு இதை மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் அழுதார்.

மாட்டு டாக்டர், யார்க்‌ஷயர்

அந்தக் குதிரைக்கு நீண்ட ஓய்வும் கிடைத்தது சகோதரி. எது குணமாக்கியது என்று ஒற்றைக் குதிரையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அழுதவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

உழவன் பேரன், தாராபுரம்

எங்கள் தாத்தா காளை நொண்டினால் கம்பியைக் காய்ச்சிச் சூடு போடுவார். வெள்ளைக்காரன் செல் வளர்க்கிறான், நாம் சூடு வைத்தோம் என்று சிரித்துக்கொண்டேன்.

மாட்டு டாக்டர், யார்க்‌ஷயர்

சிரிக்காதீர்கள் தம்பி, இங்கேயும் குதிரைத் தசைநாணுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சூடுதான் போட்டார்கள். அதனால் பலன் இல்லை என்று பிரிஸ்டலில் ஆய்வு செய்து சொன்னதே 1983இல்தான். அதற்கப்புறமும் விடவில்லை.

லாயத்துக்காரி, நியூமார்க்கெட் பக்கம்

எல்லாருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் என்றவருக்கு ஒரு வார்த்தை: எனக்கும் பயம் போகவில்லை. இன்றோடு 31 வாரம். மறு ஸ்கேனில் பொட்டு சாம்பல் நிறமாகிவிட்டது. அது செல்லா, மழையில் நான் நடந்த நடையா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. தினமும் காலை முதல் வேலையாக இரண்டு முன்னங்கால்களையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்க்கிறேன், எது சூடு என்று. இன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரி ஜில்லென்று இருந்தன. நான் குனிந்திருந்த நேரத்தில் கறுப்பி என் குல்லாவைக் கடித்து எடுத்துக்கொண்டாள்.