கையெழுத்து போடாதீங்க சித்தப்பா

செல்வி சித்தி: இவரு ஜீப் ஓட்டற கவர்மெண்ட் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து ஒரு பேப்பர் குடுத்துட்டு போயிருக்காங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள கையெழுத்து போட்டு அனுப்பணுமாம். விருப்ப ஓய்வுன்னு டைப் அடிச்சி கீது. இவரு பேனாவ கையில வெச்சிகினு உக்காந்துகினு கீறாரு

கோபால் பெரியப்பா: இன்னாம்மா இவ்ளோ அவசரம், புண்ணே இன்னும் சரியா ஆறலயே

மணி சித்தப்பா: அண்ணே முழங்காலுக்கு கீழ காலே இல்லாதவன் ஜீப் எப்படி ஓட்டுறது. அவங்க கேக்கறதும் நியாயம்தான. மரியாதையா நானே வெளிய வந்துட்றேன்

கவிதா: சித்தப்பா போடாதீங்க. ப்ளீஸ் பேனாவ கீழ வைங்க

கவிதா: ஜீப் ஓட்ட முடியாதுங்கறது சரி. அதுக்காக வேலைய விட்டு அனுப்ப அவங்களுக்கு அதிகாரம் கெடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ல 20வது பிரிவு 4வது உட்பிரிவு இதுக்குன்னே இருக்கு. அரசு வேலைல இருக்கும்போது ஒருத்தருக்கு ஊனம் வந்துச்சுன்னா வேலைய விட்டு எடுக்கவும் கூடாது, பதவிய கொறைக்கவும் கூடாது. பழைய வேலைக்கு ஒத்து வரலன்னா அதே சம்பள விகிதத்துல அதே சலுகையோட வேற வேலைக்கு மாத்தணும். மாத்த எடமே இல்லன்னா கூடுதலா ஒரு பணியிடம் உண்டாக்கி சரியான எடம் கெடைக்கற வரைக்கும், இல்லன்னா ரிட்டயர்மெண்ட் வயசு வரைக்கும் அதுல வெச்சிருக்கணும்

பிரகாஷ்: அக்கா அந்த ஆள் இதுல ஒரு வார்த்த கூட சொல்லலயே. பணம் சீக்கிரம் செட்டில் ஆவும்னுதான் சொல்லிகினு இருந்தாரு

கவிதா: சொல்ல மாட்டாங்கடா. அதான் எனக்கு கோவம். விருப்ப ஓய்வுன்னு சித்தப்பாவே எழுதி குடுத்துட்டா அவங்க அனுப்பல, இவரா போனாருன்னு ஆயிடும். அப்புறம் கேஸ் போட்டாலும் முதல் கேள்வியே நீங்க ஏன் கையெழுத்து போட்டீங்கன்னுதான் வரும்

கோபால் பெரியப்பா: கவிதா நீ கோர்ட்டுல இருக்கறவ உனக்கு தெரியும், ஆனா நான் ஒண்ணு சொல்றேன். பணத்த வாங்கிகினு பையனுக்கு வாரிசு வேல கேட்டா இன்னா? அவன் டிகிரி முடிச்சிட்டு சும்மாதான கீறான்

கவிதா: பெரியப்பா கருணை அடிப்படை வேலை உரிமை கெடையாது, சுப்ரீம் கோர்ட் திரும்பத் திரும்ப சொல்லியிருக்கு. கேக்கலாம், குடுத்தா குடுப்பாங்க. கையில இருக்கற சட்ட உரிமைய விட்டுட்டு அத நம்பி போகச் சொல்றீங்களா

பிரகாஷ்: பெரியப்பா எனக்காக நைனா வேலைய விட வேணாம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கூட லீவு லெட்டர் யார்கிட்ட குடுக்கறதுன்னுதான் கேட்டாரு. ஆபீஸுக்கு போகாம வீட்ல அவர உக்கார வெச்சி பாக்க என்னால முடியாது

தேவி அத்தை: மணி அண்ணா, வேலூர் பாகாயத்துல மேரி வர்கீஸ் டாக்டர் கதைய நம்ம அம்மா எத்தன வாட்டி சொல்லி கீது. 1954ல ஆக்சிடெண்ட்ல இடுப்புக்கு கீழ செயலிழந்து போயி, வீல் சேர்ல உக்காந்துகினே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. நீ ஒரு கால் போச்சின்னு பேனா எடுக்கறியே

மணி சித்தப்பா: 👍

செல்வி சித்தி: கவிதா இவருக்கு இன்னும் ஊனமுற்றோர் அட்டையே வாங்கல. 40 சதவீதம்னு சர்டிபிகேட் இருந்தாதான் செல்லும்னு எதிர் வீட்டுல சொல்றாங்க

கவிதா: சித்தி அந்த 40 இடஒதுக்கீடு, உதவித்தொகை மாதிரி விஷயத்துக்கு. இந்த பிரிவுல 40ன்னு பேச்சே இல்ல. ஆனா அட்டைக்கு இப்பவே ஆன்லைன்ல போட்டுடுங்க, கால் எடுத்ததுக்கு எப்படியும் 40 தாண்டும். 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்ல தெலங்கானா அரசு பஸ் டிரைவர் ஒருத்தர் கேஸ் வந்துச்சு. நிறம் பிரிச்சி பாக்க முடியலன்னு மெடிக்கல் அன்பிட் போட்டு அனுப்பிட்டாங்க, வேற வேலை தேடித் தராம அனுப்பினது தப்புன்னு சொல்லி வேலையும் குடுக்கச் சொன்னாங்க. அவரும் டிரைவர்தான் சித்தப்பா

தேவி அத்தை: எங்க தெருவுல ஒரு புள்ளைக்கு தோல் கம்பெனில மெஷின்ல கை போச்சே, அவனுக்கும் இது உண்டா?

கவிதா: இல்ல அத்தை. 20(4) அரசு நிறுவனத்துக்கு மட்டும்தான். இந்த சட்டத்துல எனக்கு ஆறாத கொறையே அதான், நம்ம ராணிப்பேட்டை ஆம்பூர் பக்கம் கை கால் போறவங்க முக்கால்வாசி தனியார்லதான் இருக்காங்க. அவனுக்கு ஈஎஸ்ஐ இருக்கா, இழப்பீடு கேட்டாங்களான்னு பாருங்க. கேக்கலன்னா சத்துவாச்சாரி கோர்ட்ல சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்கு கூட்டினு வாங்க. மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க, 1987 சட்டத்துலயே இருக்கு. 15100க்கு போன் போட்டாலும் சொல்லுவாங்க

கோபால் பெரியப்பா: சரி மணி கையெழுத்து போடல, நாளைக்கு ஆள் வந்து நின்னா இன்னா சொல்றது?

கவிதா: வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். டிரைவர் வேலை பாக்க முடியல, 20(4)படி அதே சம்பளத்துல ஸ்டோர் வேலையோ தபால் பதிவோ குடுங்கன்னு நான் லெட்டர் எழுதி தரேன். வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல போடுவோம். ஒவ்வொரு அரசு ஆபீஸ்லயும் இதுக்குன்னு குறைதீர் அலுவலர் இருக்கணும், 23வது பிரிவு, அவருக்கும் ஒரு காப்பி. அசையலன்னா சென்னைல மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு, ஆள வரவழைச்சி விசாரிக்க சிவில் கோர்ட் அதிகாரம் அவருக்கு இருக்கு. அதுக்கும் மேல ஹைகோர்ட்

மணி சித்தப்பா: கவிதா, ஸ்டோர்ல லாக் புக் எழுதற வேல எனக்கு நல்லா தெரியும்மா. அத லெட்டர்ல சேத்துக்கோ

கவிதா: சேக்கறேன் சித்தப்பா ❤️ சித்தி டிஸ்சார்ஜ் சம்மரி, அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர், கடைசி சம்பள ஸ்லிப் எடுத்து வைங்க

செல்வி சித்தி: ஆர்டர் பீரோவுல கீது எடுத்துட்டேன். ஸ்லிப் தேடுறேன்

பிரகாஷ்: ஜெராக்ஸ் எத்தன செட் அக்கா?

கவிதா: மூணு. நம்ம காப்பில தேதியோட சீல் வாங்காம வராத