லோங்கேவாலா சண்டை: அப்பா சொல்வது சரியா, மாமனார் சொல்வது சரியா?

அருவங்காடு மருமகள்:
ஒரு பஞ்சாயத்துக்கு ஆள் தேவை. டிசம்பர் 16 வெற்றி நாளுக்கு என் பையன் பள்ளியில், 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ராஜஸ்தான் எல்லையில் நடந்த லோங்கேவாலா சண்டை பற்றிப் பேசுகிறான். எங்கப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட், ரிட்டையர் ஆனதும் குன்னூர் பாய்ஸ் கம்பெனி பக்கம் வீடு கட்டியவர். மாமனார் விமானப்படையில் தரைப்பணி. "120 பேர் விடிய விடிய டாங்கிகளை அடித்து நொறுக்கினார்கள்" என்று அப்பா எழுதிக் கொடுத்தார். மாமனார் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "ராத்திரி ஒன்றுமே நடக்கவில்லை, எல்லாம் ஹண்டர் விமானம்" என்று ஓரத்தில் எழுதிவிட்டார். இத்தனைக்கும் இரண்டு பேருமே 1971-ல் ராஜஸ்தான் பக்கம் போகவில்லை! இப்போது சம்பந்திகளுக்குள் பேச்சே கிடையாது. டீ மட்டும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எது உண்மை?

டைகர்ஹில்:
இதில் என்ன சந்தேகம் அக்கா? 'பார்டர்' படத்தைப் பார்த்தாலே தெரியுமே. ராணுவத்தைக் குறை சொல்வது இப்போது ஃபேஷன் ஆகிவிட்டது.

கோத்தகிரி பழைய சுபேதார்:
தம்பி, 1997-ல் வந்த அந்த இந்திப் படத்தை நம்பினால் கம்பெனியில் பெரும்பாலோர் செத்திருக்க வேண்டும். நம் பக்கம் இறந்தது இரண்டு பேர். அதற்காக ராத்திரி சும்மா இருந்தார்கள் என்றும் ஆகாது.

தங்கச்சி, சண்டையை மணி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நம் பக்கம் 23 பஞ்சாப் பட்டாலியனின் ஆல்ஃபா கம்பெனி, அதன் தலைவர் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. டிசம்பர் 4 ராத்திரி எதிரே வந்தது பாகிஸ்தானின் டி-59, ஷெர்மன் டாங்கிகளும் இரண்டாயிரத்துக்கு மேல் ஆட்களும். இவர்களிடம் டாங்கியை அடிக்க இருந்த பெரிய ஆயுதம் ஜீப்பில் பூட்டிய 106 மி.மீ. ஆர்.சி.எல். (பின்னுதைப்பு இல்லாத பீரங்கி). பின்னால் இருந்த ராம்கர் ஊருக்குப் பின்வாங்கலாம் என்றும் சாந்த்புரிக்கு வழி இருந்தது. அவர் போகவில்லை. எதிரிக் காலாட்படை முள்கம்பியைப் பார்த்ததும் கண்ணிவெடி இருக்கும் என்று தயங்கி நின்றது. வண்டிகள் மணலில் புதைந்தன. ஜெய்சல்மேரில் இருந்த ஹண்டர்களுக்கு இருட்டில் தாக்கும் வசதி கிடையாது, விடிந்தால்தான் வர முடியும். அதுவரை அங்கே இருந்தது யார்? இதை உங்கள் மாமனாரிடம் கேளுங்கள்.

விடிந்த பிறகு நடந்தது விமானப்படையின் வேட்டை, அதை அப்பா ஒத்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து எடுத்த போட்டோவில், தப்பிக்க டாங்கிகள் மணலில் வட்டம் வட்டமாகச் சுற்றிய தடம் அப்படியே தெரியும்.

நான் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் டாங்கி மெக்கானிக்காக இருந்தவன். எந்த டாங்கியை யார் அடித்தது என்று துளையைப் பார்த்து ஓரளவு சொல்லலாம். ஆர்.சி.எல். குண்டு பட்டால் இரும்பில் சின்ன, ஆழமான துளை விழும், பெரும்பாலும் பக்கவாட்டில். விமானத்தின் 30 மி.மீ. குண்டு எஞ்சின் மூடி மேல் விழும். ஆனால் ராத்திரி அடிபட்டு நின்ற டாங்கியையே காலையில் விமானம் மறுபடி அடித்திருந்தால்? அல்லது மணலில் சிக்கி ஆட்கள் விட்டுவிட்டு ஓடிய வண்டியை? எரிந்த கூடு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது.

ஊட்டி ஹிஸ்டரி:
ஐயா சொன்னதோடு ஒன்று. இந்தச் சண்டை கோர்ட்டு வரை போனது. தரையில் சண்டையே நடக்கவில்லை என்று பல வருடம் கழித்து ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் சொல்ல, சாந்த்புரி ஒரு ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ரா வாங்கியவர் அவர். டாங்கிக் கணக்கும் அப்படித்தான், அழிந்தது, விட்டுவிட்டு ஓடியது, பிடிபட்டது மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வார்கள். எங்கேயாவது எண்ணிக்கை படித்தால் எந்தக் கணக்கு என்று முதலில் பாருங்கள்.

அருவங்காடு மருமகள்:
சுபேதார் ஐயா எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "ரேடியோவில் விமானம் கேட்டதே கம்பெனிதானே" என்றார் அப்பா. "கேட்டதும் வந்தது யார்?" என்றார் மாமனார். பரவாயில்லை, நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள்! பையன் ராத்திரிக்கு ஒரு பத்தி, காலைக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறான். அப்போது ராணுவத் தளபதியாக இருந்த மானெக்‌ஷா நம்ம குன்னூரில்தான் வாழ்ந்தார், வெலிங்டன் ஆஸ்பத்திரியில்தான் காலமானார் என்று கடைசியில் சேர்க்கலாமா என்று கேட்கிறான். சேர்க்கலாம்தானே?

கோத்தகிரி பழைய சுபேதார்:
தாராளமாக. 2008 ஜூன் 27. தேதி சரியாக இருக்கட்டும், அங்கேயும் யாராவது சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பார்கள்.