எம் புக்கில் (வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம்) கையெழுத்து போடும் முன் என்னென்ன பார்க்கணும்?

புதுஏஇ:
டிஎன்பிஎஸ்சி மூலம் ஊராட்சி ஒன்றியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறேன். இப்போது ஓடும் வேலை 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனத்தில் எம்20 தரக் கான்கிரீட் தெரு. ஓவர்சீயர் (பணி மேற்பார்வையாளர்) என்னைவிட வயதிலும் சர்வீஸிலும் மூத்தவர். வேலை முடிந்ததும் அவரே அளவு எழுதி எம் புக்கை நீட்டுகிறார். மரியாதை கெடாமல் எப்படிச் சரிபார்ப்பது?

மட்டப்பலகை:
வேலை முடிந்த பிறகு பார்த்தால் நீளமும் அகலமும்தான் தெரியும். கனம் உள்ளே போய்விடும். அதனால் கான்கிரீட் கொட்டும் அன்று காலையிலேயே போங்கள். கான்கிரீட்டைத் தாங்க இரண்டு ஓரமும் நிறுத்தும் ஷட்டரிங் சேனலும் 15 செ.மீ. இருக்கும், ஓரத்தில் டேப் வைத்தால் எல்லாம் சரியாகவே காட்டும். கோளாறு நடுவில்தான். பழைய ரோட்டின் மேடு வெட்டாமல் அப்படியே கிடக்கும். சேனலுக்குச் சேனல் நூல் கட்டி, 10 மீட்டருக்கு ஓர் இடத்தில் இடது, நடு, வலது என மூன்று புள்ளியில் கீழே பிசிசி (அடியில் போடும் சாதா கான்கிரீட் அடுக்கு) வரை அளந்து பாருங்கள். நடுவில் கேம்பர் (தண்ணீர் வடிய விடும் மேடு) உண்டென்றால் நூல் உதவாது, கேம்பர் பலகை வைத்து அளக்கணும்.

சராசரி 2 செ.மீ. குறைந்தாலே 45 கன மீட்டரில் 6 கன மீட்டர் காணாமல் போகும். சிமெண்ட் மட்டும் 36 மூட்டைக்குக் குறையாது.

பிசிசிக்கும் இதே கதைதான். மேல் அடுக்கு போடும் முன் அதன் அளவு எம் புக்கில் ஏறியிருக்கணும்.

புதுஏஇ:
வலிமைச் சோதனைக்கான கான்கிரீட் கியூபை கான்டிராக்டரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார் சார்.

மட்டப்பலகை:
அந்த கியூப் எப்போதும் பாஸ்தான் ஆகும்! தண்ணீர் குறைத்து, தனியாகக் கலந்தது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி 45 கன மீட்டருக்கு 4 சாம்பிள், சாம்பிளுக்கு 3 வீதம் 12 கியூப். கொட்டுகிற கலவையிலிருந்தே உங்கள் முன்னால் எடுக்கச் சொல்லி, ஈரத்திலேயே தேதியும் உங்கள் இனிஷியலும் கீறிவிடுங்கள்.

ஜாயின்டை (வெடிப்பைத் தடுக்கக் குறுக்கே வெட்டும் கோடு) மறுநாளுக்குள் வெட்டச் சொல்லுங்கள், ஆழம் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. தள்ளிப்போட்டால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிற்கணும், சாக்கு நனைப்பதெல்லாம் வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது.

கணக்குப்பிள்ளை:
ஓவர்சீயர் விஷயம். "நீங்க எழுதுனது தப்பு" என்று ஆரம்பித்தால் அன்றோடு அவர் உங்களுக்கு எதையும் சொல்லமாட்டார். "அண்ணே, நீங்க டேப் பிடிங்க, நான் எழுதுறேன்" என்று சைட்டிலேயே இருவருமாக அளந்துவிடுங்கள். பிறகு ஆபீஸில் திருத்த எதுவும் இருக்காது. அடித்தல் வந்தால் ஒரே கோடு போட்டு, சரியான அளவை மேலே எழுதி இனிஷியல். ஒயிட்னர், சுரண்டல், கிழித்த பக்கம் எதுவும் கூடாது. காலி வரிகளைக் குறுக்கே அடித்துவிடுங்கள். அளந்த தேதி உண்மையான தேதியாக இருக்கட்டும், பில் தேதிக்கு ஏற்ப எழுதினால் கியூப் தேதியோடு மோதும், தணிக்கைக்காரர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

வாய்க்கால்மேடு:
இன்னொன்று. "இன்னும் 20 மீட்டர் அந்த வீடு வரை இழுத்துடுங்க தம்பி" என்று ஊராட்சித் தலைவர் கேட்பார். வாய்மொழியாகத் தலையாட்டாதீர்கள். எஸ்டிமேட்டில் இல்லாத நீளத்துக்குத் திருத்திய மதிப்பீடு, ஒப்புதல் வராமல் பில் நகராது, கான்டிராக்டர் அந்தக் காசை வேறு எங்காவது கனத்தில்தான் எடுப்பார். "பிடிஓவிடம் (வட்டார வளர்ச்சி அலுவலர்) எழுதிக் கொடுங்க, நானே எஸ்டிமேட் போட்டுத் தர்றேன்" என்றால் அவருக்கும் கோபம் வராது.

துறைத் தேர்வை மறக்காதீர்கள். டிஎன்பிஎஸ்சி மே, டிசம்பர் என நடத்துகிறது. தகுதிகாண் பருவத்துக்குள் எதெது முடிக்கணும் என்று பணிவிதியில் இப்போதே பாருங்கள்.