தள்ளாமை என்றே வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஃபிரெயில்டிக்கு, அதாவது உடம்பு தளர்ந்து தாங்குசக்தி குறைந்துபோகும் நிலைக்கு, தமிழ்ச்சொல் தேடி இந்த வாரம் வந்த மடல்கள் அத்தனையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் இருப்பது யாங்கோனில். கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை வயதானவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்கிறோம். அங்கே கொடுப்பதற்காக வைட்டமின் டி, கால் பலம், கீழே விழாமல் பார்த்துக்கொள்வது இவற்றைப் பற்றி நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏன் தமிழில் என்று கேட்பீர்கள். இங்கே தமிழ்ப் பள்ளிகள் 1960களின் நடுவில் அரசுடைமையாகிப் போயின. அதற்கு முன்னால் அவற்றில் படித்த பிள்ளைகள்தான் இன்று எழுபதை எட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள். பேரன் பேத்திகளுக்குப் பர்மிய எழுத்துதான் சரளம். வீட்டில் தமிழைக் கடகடவென்று படிப்பவர் பெரும்பாலும் தாத்தாவோ ஆயாவோதான். அவர்கள் ஒருமுறை படித்ததும் பிடிபடுகிற சொல்தான் எனக்கு வேண்டும்.

முதலில் இந்த மடல்:

> ‘வெயில்குறைத் தளர்ச்சி’ என்று வைத்தால் காரணமும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணம் அது என்று இன்னும் நிரூபணமாகவில்லையே. இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக உள்ள முதியவர்களிடம் இந்தத் தளர்ச்சி அதிகம் காணப்படுகிறது, அதுவரை சரி. வெளியே போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு வெயில் படாது, வைட்டமினும் குறையும். இதில் எது முன்னால், எது பின்னால்? அமெரிக்காவில் கிட்டத்தட்ட 26,000 பேரை வைத்து, தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் ஃபிரெயில்டியில் வித்தியாசம் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்திலேயே பெரிய குறைபாடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவில் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரேயடியாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதில் விழுவதும் எலும்பு முறிவதும் கூடித்தான் போயின. சொல்லிலேயே ‘வெயில்குறை’ என்று எழுதி வைத்தால், படிக்கிறவர் நேரே மருந்துக் கடைக்குப் போய் நான்கு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொள்வார். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே உண்டு.

கடுமையான குறைபாடு என்பது வேறு சங்கதி. அதில் தொடைத் தசை பலமிழந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதே பாடாகும். எலும்பு வலிக்கும். சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் தேறும். யாங்கோன் 17 பாகை வடக்கில் இருக்கிறது, இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வயதானவர் தோல் அதே வெயிலில் இளையவர் தோல் உண்டாக்கும் அளவுக்கு வைட்டமின் டி உண்டாக்காது. நம்மைப் போல் கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வெயில் பட வேண்டும். அப்புறம் அது கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாறித்தான் வேலைக்கு உதவும். இதையெல்லாம் துண்டறிக்கையில் தனிப் பத்தியாக எழுதுகிறேன். அந்த நிலைக்குத் தனிப்பெயர் வைப்போம், இரண்டையும் ஒரே சொல்லில் கட்டவேண்டாம்.

மற்ற மடல்களில் வந்த சொற்களுக்கு வருகிறேன். ‘பலவீனம்’ காய்ச்சல்காரருக்கும் பொருந்தும், குணத்துக்கும் பொருந்தும். ‘நலிவு’ என்றதும் நலிந்த பிரிவினர்தான் நினைவுக்கு வருகிறார்கள். ‘மூப்புத் தளர்ச்சி’யில் வயது ஒட்டிக்கொண்டு வருகிறது. எண்பத்தைந்தில் திடமாக நடப்பவரும் உண்டு, அறுபதிலேயே சிறுநீரக நோயால் ஒடுங்கிப்போனவரும் உண்டு. ‘நொய்மை’ எனக்கு மிகவும் பிடித்த சொல், நொய்யரிசி கண்ணுக்கு முன்னால் வருகிறது. ஆனால் நான் கேட்டுப் பார்த்த ஏழு பேரில் ஒருவரும் அதை உடம்போடு சேர்த்துப் புரிந்துகொள்ளவில்லை.

சென்ற மாதம் டவுனில் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓர் ஆயாவைப் பார்க்கப் போயிருந்தேன். இங்கே பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. பலகணியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், முனையில் கிளிப் இருக்கும். கீழே வந்தவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். காய்கறிப் பையை மாட்டிவிட்டால் வீட்டுக்காரர் மேலே இழுத்துக்கொள்வார். ஆயா அன்று ஒரு வீசை உருளைக்கிழங்கை இழுத்துக்கொண்டிருந்தார், ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பாதியில் நிறுத்தி, கயிற்றைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். ரவிக்கை தோளில் தொளதொளவென்று இருந்தது. கோயிலுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது.

“முடியலையா ஆயா?” என்றேன்.

“முடியலைன்னா காய்ச்சல் கீய்ச்சல்னு இருக்கணும்ப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல. தள்ளலை, அவ்வளவுதான்.”

அந்த இடத்தில்தான் எனக்குச் சொல் கிடைத்தது. முடியாமை என்பது நோய், தள்ளாமை வேறு. மருத்துவர்கள் பக்கம் பக்கமாக விளக்குகிற வேறுபாட்டை ஆயா ஒரே மூச்சில் பிரித்துவிட்டார். 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த ஐந்து அறிகுறிகள் இவை: முயலாமலே எடை குறைவது, களைப்பு, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஃபிரெயில்டி, ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை. ரவிக்கையும் கயிறும் கோயிலுக்கு வராததும் சேர்ந்தால் மூன்றும் அங்கேயே இருந்தன. அளந்து பார்க்காமல் நான் முடிவு சொல்லமாட்டேன், ஆனால் அளக்கவேண்டியவர்தான். இப்படி இருப்பவருக்குச் சின்னக் காய்ச்சல் வந்தாலும் பழையபடி ஆக வாரக்கணக்கு ஆகும். பர்மியத்திலும் இதை ‘ஆ நே’ என்பார்கள். ‘ஆ’ பலம், ‘நே’ குறைவு. ஆனால் அது பசித்தவருக்கும் பொருந்தும். தமிழ் இந்த இடத்தில் நுட்பமானது என்றே நினைக்கிறேன்.

நண்பர் ஒருவர் தனிமடலில் ஒரு மறுப்பு எழுதியிருந்தார்: தள்ளாமை வந்தால் போகாது என்றுதானே நம் ஆட்கள் நினைக்கிறார்கள், அந்த மனச்சோர்வையும் சொல்லோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று. இதுதான் வந்த மறுப்புகளிலேயே கனமானது, இரண்டு நாள் யோசித்தேன். ஃபிரெயில்டி ஒருவழிப் பாதை இல்லை. தசைக்குப் பலம் தரும் பயிற்சி, போதுமான புரதம், தேவையில்லாத மாத்திரைகளைக் குறைப்பது, இவற்றால் சிலர் முந்தைய நிலைக்குத் திரும்புகிறார்கள். ஆனால் புதுச்சொல் வைத்தால் அந்தப் பழைய நம்பிக்கை போய்விடுமா? ஆயா தன்னைத் தள்ளாதவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார், நம் துண்டறிக்கை வேறு யாரையோ பற்றியது என்று மடித்து வைத்துவிடுவார். அவர் வாயில் இருக்கும் சொல்லை எடுத்து, “தள்ளாமையைக் குறைக்கலாம்” என்று கொட்டை எழுத்தில் போட்டால்தான் அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. தள்ளாமை அளவை, தள்ளாமை அறிகுறி, தள்ளாமை மீட்சி. எதிர்ப்பதம் திடம். முந்தைய நிலைக்கு மட்டும்தான் தடுமாறுகிறேன். ‘முன்தள்ளாமை’ கச்சிதம், ஆனால் ‘முன்னால் தள்ளாதே’ என்பதுபோல் காதில் விழுகிறது. ‘தள்ளாமைத் தொடக்கம்’ நீளம், ஆனால் தெளிவு. வைட்டமின் டிக்குப் பாடநூலில் உயிர்ச்சத்து டி என்று உண்டு, கடையில் கேட்டு வாங்குவது வைட்டமின் டிதான். அதை மாற்றவில்லை.

துண்டறிக்கை வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்கு முந்தைய நாள் படியை ஆயாவிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லப்போகிறேன். முன்தள்ளாமையா, தள்ளாமைத் தொடக்கமா, சனிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
யாங்கோனிலிருந்து